எந்த வார்ப்பு இயந்திரம் சிறந்தது? கேள்வியே தவறு

கேமரன் மலையில் நான் வளர்ந்த தோட்டத்தில், கொழுந்து வெட்டும் மெஷின் ஒன்று ஒரு நாள் மேட்டிலிருந்து உருண்டது. இரண்டு பேர் பிடிக்கும் மெஷின் அது. தேயிலை வரிசையின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவர் நின்று தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. முன்னால் போன அண்ணனுக்குக் கால் வழுக்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்ஜின் கூட்டில் கைப்பிடிச் சட்டத்தை போல்ட் போட்டு மாட்டும் 'காது' முறிந்துபோனது.

அப்பா அந்தக் கூட்டைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு டவுனில் இருந்த ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். வெல்டர் தீ வைத்ததும் உலோகம் அப்பம் போலக் குமிழ்விட்டது. ஆறவைத்து மறுபடி முயன்றார். ஓட்டை பெரிதானதுதான் மிச்சம். "அண்ணே, இது நல்ல அலுமினியம் இல்லை. ஏதோ மட்டமான சரக்கு" என்று கையை விரித்துவிட்டார். புதுக் கூடு வந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கத்திரிதான். எடைக்குக் கூலி வாங்கும் வீட்டில் மூன்று வாரம் கத்திரி பிடித்தால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை.

'மட்டமான சரக்கு' என்ற அந்தச் சொல்லை நான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு என்று தெரிந்தது பிறையில் ஒரு வார்ப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அந்தக் கூடு மட்டமானது அல்ல. அது செய்யப்பட்ட விதம் அப்படி. உருகிய உலோகத்தை மிக வேகமாக, மிகுந்த அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி எடுப்பதற்கு டை காஸ்டிங் என்று பெயர். கண் இமைக்கும் நேரத்தில் அச்சு நிரம்புவதால், உள்ளே இருந்த காற்றில் கொஞ்சம் உலோகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்களாக அது உள்ளே அடங்கிக் கிடக்கும். வெல்டர் தீ வைத்தபோது வெளியே வந்தது அந்தக் காற்றுதான். அவர் மீது குற்றமில்லை. அவர் பிழைப்பு பெரும்பாலும் இரும்போடு. இந்தச் செய்தியை அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

இதை இளைஞர் பக்கத்தில் எழுதக் காரணம் உண்டு. இன்று தொழிற்கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் உற்பத்தித் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலரோடு பேசும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது கிடைக்கிறது. டை காஸ்டிங் இயந்திரங்களின் வகைகளைக் கேட்டால் மளமளவென்று சொல்கிறார்கள். ஹாட் சேம்பர் இடப்பக்கக் கட்டம், கோல்ட் சேம்பர் வலப்பக்கக் கட்டம். இது வேகம், அது மெதுவு. இதில் துத்தநாகம், அதில் அலுமினியம். அட்டவணை மனப்பாடம். ஏன் என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. எது சிறந்தது என்று திருப்பி என்னிடமே கேட்கிறார்கள். என் கருத்து இதுதான்: எது சிறந்தது என்ற கேள்வியோடு இயந்திரத்தின் முன் நிற்பவர் கடைசிவரை பட்டனை அழுத்துபவராகவே இருந்துவிடும் ஆபத்து உண்டு. ஏன் இரண்டு வகை வந்தது என்று கேட்பவருக்குத்தான் அடுத்த படி.

நானும் முதலில் அட்டவணைக்காரன்தான். ஆலையில் சேர்ந்த முதல் ஆண்டு அது. கூடத்தின் ஒரு பக்கம் ஹாட் சேம்பர் இயந்திரங்கள் பெல்ட் கொக்கி, கதவுப் பூட்டின் பாகம் என்று துத்தநாகத்தில் சின்னச் சின்னப் பொருள்களைத் துப்பிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் கோல்ட் சேம்பர் இயந்திரங்கள் அலுமினியத்தில் மோட்டார் கூடுகளை நிதானமாக எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் மேற்பார்வையாளர் எங்களைக் கூப்பிட்டு, "மெக்னீசியம் வேலை வரப்போகிறது. எந்தப் பக்கம் போடலாம்?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கோல்ட் சேம்பர் என்றோம். எங்கள் கணக்கு எளிது. துத்தநாகம் 420 டிகிரி செல்சியசை ஒட்டி உருகும். அலுமினியம் 660. மெக்னீசியம் 650. உருகுநிலை குறைவு என்றால் ஹாட், கூடுதல் என்றால் கோல்ட்.

அவர் சிரித்தார். மெக்னீசியத்தில் மெல்லிய, சிறிய பாகங்களை ஹாட் சேம்பரிலும் எடுக்கலாம், எடுக்கிறார்கள் என்றார். பெரிய பாகம் என்றால் கோல்ட் சேம்பர். வெறும் 10 டிகிரி வித்தியாசமுள்ள இரண்டு உலோகங்களில் ஒன்றுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது, மற்றதற்கு ஒரே வழிதான். அப்படியானால் காரணம் வெப்பம் மட்டும் அல்ல. அன்று அது எனக்குப் பெரிய அதிர்ச்சி.

இரண்டு இயந்திரங்களும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் புரியும். ஹாட் சேம்பரில், உலோகத்தை அச்சுக்குள் தள்ளும் பிஸ்டனும் அது ஓடும் உருளையும் உருகிய உலோகத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். வாத்தின் கழுத்துபோல வளைந்த ஒரு குழாய் வழியாக உலோகம் அச்சுக்குப் போகும். பிஸ்டன் மேலே ஏறும்போது உருளை தானாக நிரம்பும், கீழே இறங்கும்போது உலோகம் பாயும். அள்ளி ஊற்றும் வேலையே இல்லை. அதனால்தான் வேகம். சிறிய துத்தநாகப் பொருள் என்றால் சில வினாடிகளில் ஒன்று விழுந்துவிடும்.

கோல்ட் சேம்பரில் உலை தனியே இருக்கும். ஒவ்வொரு முறையும் அகப்பை போன்ற ஒன்றால் உலோகத்தை மொண்டு, படுத்திருக்கும் உருளைக்குள் ஊற்ற வேண்டும். முன்பு இதை ஆள் செய்தார், இப்போது பெரும்பாலும் இயந்திரக் கை செய்கிறது. பிறகு பிஸ்டன் அதை ஓங்கித் தள்ளும். 'கோல்ட்' என்ற பெயரை நம்பி யாரும் கையை வைத்துவிட வேண்டாம். அந்த உருளையும் சுடும். உலைக்குள் மூழ்கியிருக்கவில்லை என்பதுதான் பெயரின் பொருள்.

இந்த மொண்டு ஊற்றும் தொல்லை எதற்கு? உருகிய அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. அது இரும்பைத் தின்னும். தேநீரைக் கலக்கப் போட்ட கரண்டி தேநீரிலேயே கரையத் தொடங்கினால் எப்படி இருக்கும்? பிஸ்டனையும் வளைகுழாயையும் நாள் முழுக்க உருகிய அலுமினியத்தில் மூழ்கவைத்தால் அதுதான் நடக்கும். இயந்திரம் அரிக்கப்படும். கரைந்த இரும்பு உலோகத்தில் கலந்து கடினமான துகள்களாகி, வார்ப்பையும் கெடுக்கும். ஆகவே அலுமினியம் எஃகைத் தொடும் நேரத்தைச் சில வினாடிகளாகக் குறைத்துவிட வேண்டும். அதற்காக வந்ததுதான் கோல்ட் சேம்பர். மெக்னீசியம் இரும்பை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. அதை எஃகுக் கலத்திலேயே உருக்கி வைக்கலாம். எனவே அதற்கு ஹாட் சேம்பர் கதவு திறந்திருக்கிறது.

இதற்கு இன்னும் தெளிவான சாட்சி துத்தநாகக் கலவைகளிலேயே இருக்கிறது. ஹாட் சேம்பரில் அன்றாடம் ஓடும் ஸாமாக் என்ற துத்தநாகக் கலவையில் ஏறக்குறைய 4 விழுக்காடு அலுமினியம் உண்டு. அந்தச் சிறு அளவு அலுமினியம் துத்தநாகம் இரும்பை அரிப்பதைக் குறைத்து, இயந்திரத்துக்கு நன்மையே செய்கிறது. ஆனால் ஸெட்ஏ-27 என்ற கலவையில் அலுமினியம் 27 விழுக்காடு. துத்தநாகக் கலவைதான் என்றாலும் அதை ஹாட் சேம்பரில் போட முடியாது, கோல்ட் சேம்பர்தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதை வேதியியல் இப்படிச் சொல்கிறது. 'துத்தநாகம் என்றால் ஹாட்' என்று மட்டும் எழுதிவைத்த அட்டவணை இந்த இடத்தில் உங்களைக் கைவிட்டுவிடும்.

இதில் இன்னொரு சுவையான விஷயம். அச்சும் எஃகுதானே, அதை அலுமினியம் தின்னாதா? தின்னப் பார்க்கும், ஒட்டிக்கொள்ளவும் பார்க்கும். அதனால் ஏடிசி12 போன்ற டை காஸ்டிங் அலுமினியக் கலவைகளில் இரும்பை 1.3 விழுக்காடு வரை இருக்க விடுகிறார்கள். ஏற்கெனவே உப்புக் கரைந்திருக்கும் தண்ணீரில் மேற்கொண்டு உப்பு கரையத் தயங்கும் அல்லவா, அதுபோல. இரும்பு கூடினால் அலுமினியம் நொறுங்கும் தன்மை பெறும் என்று படித்தவருக்கு இது வியப்பாக இருக்கும். கலவைக்குக் கொஞ்சம் கெடுதல் என்று தெரிந்தே, அச்சைக் காப்பாற்ற அதை ஏற்றுக்கொள்கிறார்கள். நான்காம் படிவ வேதியியலில் உலோகக்கலவை என்ற பாடத்தைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் அந்தப் பாடம் வேறு மாதிரி தெரியும்.

சரி, ஹாட் சேம்பர் வேகமானது. அதன் அச்சும் நீண்ட நாள் உழைக்கும். துத்தநாகத்துக்கான அச்சு பத்து லட்சம் வார்ப்புவரைகூடத் தாங்கும். அலுமினியத்துக்கான அச்சு பெரும்பாலும் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியதுமே வெடிப்புவிடத் தொடங்கும். அப்படியானால் கொழுந்து வெட்டும் மெஷினின் இன்ஜின் கூட்டைத் துத்தநாகத்தில், ஹாட் சேம்பரில், மலிவாகச் செய்துவிட்டால் என்ன?

இங்கேதான் கேள்வி ஆலையை விட்டு மலைச்சரிவுக்கு வருகிறது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியக் கலவை ஏறக்குறைய 2.7 கிராம். துத்தநாகக் கலவை 6.6 கிராமுக்கு மேல். மெக்னீசியக் கலவை 1.8 கிராம். அலுமினியத்தில் ஒரு கிலோ இருக்கும் கூட்டை அதே அளவில் துத்தநாகத்தில் வார்த்தால் ஏறக்குறைய இரண்டரை கிலோ ஆகும். மெக்னீசியத்தில் வார்த்தால் முக்கால் கிலோகூட வராது. அதைத் தூக்கிக்கொண்டு சரிவில் நாள் முழுக்க நடப்பவரின் தோளிடம் கேளுங்கள், எது மலிவு என்று. மேலும் துத்தநாகக் கலவை 100 டிகிரி வெப்பத்தை ஒட்டியே தளரத் தொடங்கிவிடும், இன்ஜின் சூட்டுக்கு அது சரிவராது. ஆகவே இன்ஜின் கூடு அலுமினியம் அல்லது மெக்னீசியம். அதில் எந்த உலோகம், எவ்வளவு பெரிய பாகம் என்று முடிவான பிறகுதான் இயந்திரம் எது என்ற பேச்சே வருகிறது. வகுப்பில் நாம் இதைத் தலைகீழாகப் படிக்கிறோம். முதலில் இயந்திர வகை, பிறகு உலோகம், கடைசியில் ஒரு வரியில் 'பயன்பாடு'. தூக்குபவரின் தோளிலிருந்து தொடங்கினால் மொத்தப் பாடமும் ஒரு கதைபோல ஓடிவிடும் என்பது என் அனுபவம்.

மெக்னீசியம் இவ்வளவு இலேசு என்றால் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாமே என்று தோன்றும். அது உருகிய நிலையில் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். அதைத் தடுக்க மேலே ஒரு வாயுப் போர்வை வேண்டும். நீண்ட காலம் இதற்குப் பயன்பட்ட சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு என்ற வாயு, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. அதைக் கைவிட்டு வேறு வாயுக்களுக்கு மாறும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. இலேசான மெஷின் வேண்டும், ஆனால் மலையின் குளிரும் மிஞ்ச வேண்டும் என்றால் இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

இயந்திரத்தின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 250 டன், 800 டன் என்று டை காஸ்டிங் இயந்திரங்களைச் சொல்வார்கள். அது இயந்திரத்தின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் நினைத்திருக்கிறேன். இரண்டு பாதியாக இருக்கும் அச்சைத் திறக்கவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் விசை அது. ஐந்தாம் படிவ இயற்பியலில் அழுத்தம் என்ற பாடத்தில் வரும் கணக்கேதான். விசை என்பது அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் கிடைப்பது. முன்னிருந்து பார்த்தால் 300 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓர் அலுமினியக் கூட்டை 60 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் வார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சைப் பிளக்கப் பார்க்கும் விசை 18 லட்சம் நியூட்டன், அதாவது ஏறக்குறைய 180 டன். கொஞ்சம் கையிருப்பு வைத்து 250 டன் இயந்திரம் தேடுவார்கள். துத்தநாகக் கொக்கிகளை 100 சதுர சென்டிமீட்டரில், 20 மெகாபாஸ்கலில் வார்த்தால் 20 டன்தான் வரும். ஹாட் சேம்பர் இயந்திரங்கள் பொதுவாகச் சிறியவையாக இருப்பதன் ஒரு காரணம் இதில் தெரிந்துவிடும். போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம் ஆகாது.

இதே கணக்கின் மறுகோடியில் இன்று உலகம் பேசும் ராட்சத இயந்திரங்கள் நிற்கின்றன. டெஸ்லா நிறுவனம் மாடல் ஒய் காரின் பின்பக்க அடிப்பகுதியை ஒரே வார்ப்பாக எடுக்க, இத்தாலியின் இட்ரா நிறுவனம் செய்த ஏறக்குறைய 6,000 டன் இயந்திரங்களை இறக்கியது. முன்பு எழுபது பாகங்களைச் சேர்த்துச் செய்த வேலை. அதுவும் கோல்ட் சேம்பர்தான். சீன நிறுவனங்களும் அந்த வழியில் வேகமாகப் போகின்றன. இதைக் காணொளியில் பார்த்த மாணவர்கள், இனி மற்ற இயந்திரங்களுக்கு வேலை இல்லையா என்று கேட்கிறார்கள். ஆனால் அவ்வளவு பெரிய வார்ப்பு விபத்தில் வெடித்தால் எப்படிப் பழுது பார்ப்பது என்ற விவாதமும் கூடவே நடக்கிறது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோணிப்பையில் சுற்றிய அந்த இன்ஜின் கூடு நினைவுக்கு வரும். மறுபக்கம், சட்டையின் ஜிப் தலையை வார்க்க 6,000 டன் இயந்திரம் எதற்கு?

அழுத்தம் கூடினால்தான் தரம் என்பதும் இல்லை. காரின் அலுமினிய ஸ்போர்ட் ரிம்மில் பெரும்பங்கு, குறைந்த அழுத்த வார்ப்பு என்ற வேறொரு முறையில் செய்யப்படுகிறது. ஒரு பாருக்கும் குறைவான காற்றழுத்தத்தில் உலோகம் கீழிருந்து ஒரு குழாய் வழியாக மெல்ல மேலேறி அச்சை நிரப்பும். மெதுவாக ஏறுவதால் காற்று சிக்குவதில்லை. பிறகு சூடேற்றிப் பதப்படுத்தி வலுவூட்டலாம். சாதாரண டை காஸ்டிங் பாகத்தை அப்படிச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் காற்று கொப்புளமாகக் கிளம்பிவிடும். சக்கரம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அங்கே வேகத்துக்கு இரண்டாம் இடம்தான்.

நீங்கள் கையில் வைத்திருக்கும் நாளிதழுக்கும் இதில் பங்கு உண்டு. 1886இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் பயன்பாட்டுக்கு வந்த லைனோடைப் இயந்திரம், ஒரு வரி முழுவதையும் உருகிய உலோகத்திலிருந்து ஒரே கட்டையாக வார்த்துக் கொடுத்தது. காரீயம், வெள்ளீயம், அன்டிமனி கலந்த உலோகம் ஒரு சட்டியில் உருகியிருக்கும். அதற்குள்ளேயே பிஸ்டன் மூழ்கியிருக்கும். பெயர்தான் வேறு, அது ஹாட் சேம்பரேதான். காரீயம் இரும்பைத் தின்னாது என்பதால் அது சாத்தியமாயிற்று. செய்தித்தாள் அலுவலகத்தில் இருந்ததும் பெல்ட் கொக்கி செய்யும் ஆலையில் இருப்பதும் ஒரே குடும்பம்.

இனி நம் பிள்ளைகளைப் பற்றி. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலும், 1933இல் பாரத் தோட்டம் வந்தபோதும், கேமரன் மலையின் தேயிலை என்பது தமிழர் கை வேலை. விரல் பறித்தது, பிறகு கத்திரி, பிறகு மெஷின். இன்று அந்த மெஷினைப் பிடித்து நடப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் மலையிறங்கிவிட்டார்கள். இதில் வருந்த எதுவும் இல்லை, பெற்றவர்கள் விரும்பியதும் அதைத்தான். ஆனால் இறங்கியவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். ஈப்போவிலும் பிறையிலும் ஷா ஆலாமிலும் ஆலை வாசலில் நுழைந்தவர்களில் பலர் ஆபரேட்டராகவே இருபது ஆண்டு இருந்துவிட்டார்கள். கொழுந்து எடைக்குப் பதில் ஷிப்டுக்கு எத்தனை வார்ப்பு என்ற கணக்கு. இயந்திரம் மாறியது, நிலை அவ்வளவாக மாறவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வரிசையில் நானும் நின்றவன்.

எனக்கு அந்த வரிசையிலிருந்து வெளியே வர வழி கிடைத்தது மெக்னீசியக் கேள்வியால்தான். தவறாகப் பதில் சொன்ன வெட்கத்தில், மதிய உணவு நேரத்தில் பராமரிப்புப் பிரிவு அண்ணன்மார்களிடம் போய் உட்கார ஆரம்பித்தேன். கழற்றிப்போட்ட வளைகுழாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அச்சின் எந்த மூலையில் வெடிப்பு முதலில் வருகிறது என்று கவனித்தேன். இரண்டு ஆண்டு கழித்து அச்சு மாட்டும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். பிறகுதான் மாலை வகுப்பு, சான்றிதழ் எல்லாம். இயந்திரத்தை இயக்குபவருக்கும், அச்சை மாட்டி அழுத்தமும் வேகமும் சரிசெய்பவருக்கும் சம்பளத்தில் இருக்கும் வித்தியாசம் பெரிது. அதைவிடப் பெரிது, ஆள்குறைப்பு வரும்போது யாரை முதலில் அனுப்புகிறார்கள் என்பது.

திவெட் கல்வி பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். எஸ்.பி.எம். முடித்தவர்கள் எஸ்.கே.எம். சான்றிதழில் தொடங்கி டிப்ளோமாவரை போகலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன, அது உண்மைதான். கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்திலேயே ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. 1969இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக் அது. இன்னும் சில வீடுகளில் திவெட் என்றால் படிப்பு வராத பிள்ளைக்கு என்ற எண்ணம் இருக்கிறது. இரும்பை அலுமினியம் தின்பதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வராத மூளை போதுமா என்று அவர்களைக் கேட்க வேண்டும். எதிர்ப்பக்கம், வேலை நிச்சயம் என்ற ஒரே வரியைப் பார்த்துச் சேர்ந்துவிடும் பிள்ளைகளிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திறந்த நாள் என்று கல்லூரிகள் அழைக்கும்போது பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். உலோகம் உண்மையிலேயே உருகி ஊற்றப்படும் இயந்திரம் இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொடுகிறார்களா, கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கெட்டுப்போன வார்ப்புகளை வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். நல்ல வார்ப்பை எல்லாரும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். கெட்டதைப் பாதியாக அறுத்து, குமிழைக் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியர் கிடைத்தால் அங்கே சேர்ந்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. அட்டவணையைக் கரும்பலகையில் போடுவதற்கு முன் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளின் இன்ஜின் மூடியையும் ஒரு கதவுக் கைப்பிடியையும் மேசைமேல் வையுங்கள். எது எந்த இயந்திரத்தில் வந்திருக்கும், ஏன் என்று கேளுங்கள். வகுப்பு கொஞ்சம் கூச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இந்தப் பள்ளி விடுமுறையில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். உடைந்த பிரேக் லீவர், பழைய கதவுக் கைப்பிடி, குழாயின் கைப்பிடி, எது கிடைத்தாலும் சரி. உள்பக்கத்தில் சிறு வட்டத் தழும்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வார்ப்பை அச்சிலிருந்து ஊசிகள் தள்ளிய தடம் அது. ஓரத்தில் மெல்லிய கோடு ஓடினால், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். பிறகு சமையலறைத் தராசில் பொருளை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அதே தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பொருளை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அந்தப் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். ஆர்க்கிமிடிஸ் பாடம்தான். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 2.7ஐ ஒட்டி வந்தால் அலுமினியம், மேலே சொன்ன தடங்களும் இருந்தால் கோல்ட் சேம்பர் பிள்ளை. 6.6ஐ ஒட்டி வந்தால் துத்தநாகம், பெரும்பாலும் ஹாட் சேம்பர். எட்டரைக்குப் பக்கத்தில் வந்தால் பித்தளை.

பித்தளை என்று சொல்லி விற்ற குழாயின் கைப்பிடி 6.6 காட்டினால், ரசீதைத் தேடும் வேலையை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கைப்பிடியைக் கழற்றும் முன் தண்ணீர் மெயினை மூடிவிட வேண்டும்.